தராசும் நிய்யத்தும்

பள்ளிவாசல்துறையில் ஸுல்பிகா மீன் காயவைத்து விற்கும் கருவாட்டு வாடிக்குப் போகிறவருக்கு முதலில் அவளுடைய சிரிப்பொலிதான் கேட்கும். கருவாட்டு மணம் பிறகுதான் வரும். 1990இல் முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது உம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை அவள். இன்று அந்த வாடி அவளுடையது.

ஒரு வியாழக்கிழமை அளவைப் பரிசோதகர் மர்ஸூக் வந்து, "தராசில முத்திரை பழசு" என்றார்.

"கண்ணாடியப் போட்டுப் பாருங்க சேர். இந்த வருசத்து முத்திரை."

கருவாடு வாங்க நின்ற வியாபாரிகள் சிரித்துவிட்டார்கள். மர்ஸூக்கின் முகம் சிவந்தது. தராசைக் கழற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பற்றுச்சீட்டுக்கூடக் கொடுக்கவில்லை.

நிறுக்க வழியில்லாததால் வியாபாரிகள் பக்கத்து ஊரான எத்தாளைக்குப் போகத் தொடங்கினார்கள். ஸுல்பிகா மர்ஸூக்கின் கந்தோருக்கே போய்த் தராசைக் கேட்டாள்.

"நல்லெண்ணத்தோட செய்த கடமை. எங்கமேல வழக்குப் போட ஏலா" என்றார் அவர்.

பக்கத்து வீட்டு ஷம்லா சட்டம் படிக்கிறவள்; ஸுல்பிகாவைத் 'தாத்தா', அதாவது அக்கா, என்று கூப்பிடுகிறவள். "நல்லெண்ணம் எண்டா நல்ல நிய்யத்துத்தானே?" என்று அவளிடம் கேட்டாள் ஸுல்பிகா.

"ஓம் தாத்தா. ஆனா வாயால சொன்னாப் போதாது. அடிப்படை உரிமைய மீறினா அவர்ட பேரப் போட்டே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு மாசம்தான் தவணை. முதல்ல மனித உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதுவம்."

முறைப்பாட்டின் சட்டப் பகுதியை ஷம்லா எழுதினாள். கடைசி வரிகளை ஸுல்பிகா தானே எழுதினாள்: 'நிய்யத்து வைக்காமல் பட்டினி கிடந்தால் நோன்பாகாது. தராசைத் தூக்கும்போது சேர் என்ன நிய்யத்து வைத்தார் என்று எழுதித் தரவும்.'

"இது முறைப்பாடா, பள்ளியில சொல்ற பயானா தாத்தா?" என்று ஷம்லா சிரித்தாள். ஆனால் ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

மர்ஸூக்குக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் பிரதிகள் போயின. மேலதிகாரி அவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார். அடுத்த கிழமை மர்ஸூக்கே தராசோடு வாடிக்கு வந்து நின்றார்.

"விளக்கம் எழுதினீங்களா சேர்?"

"மூணு தாள் கிழிச்சிட்டன். நீங்க சிரிச்சீங்க, அதால எடுத்தன் எண்டுதான் வருது."

"நான் சிரிக்கல்ல சேர். அவங்கதான் சிரிச்சாங்க."

இப்போது அவருக்கும் சிரிப்பு வந்தது. "முறைப்பாட்ட வாபஸ் வாங்குவீங்களா?"

"இனிச் சீட்டு இல்லாம ஆர்ட தராசையும் தூக்கமாட்டன் எண்டு எழுதித் தாங்க. வாங்குறன்."

அவர் எழுதிக் கையெழுத்து வைத்தார். தராசையும் தன் கையாலேயே பழைய கொளுக்கியில் மாட்டினார். ஸுல்பிகா ஒரு துண்டுக் கடதாசியில் 'தராசு கிடைத்தது' என்று எழுதி, திகதி போட்டு நீட்டினாள்.

"எடுக்கக்குள்ள நீங்க தரல்ல. குடுக்கக்குள்ள நான் தாறன்."