குழாயடிப் பலகை

என் மனைவி ரூத் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள். முந்நூறு பக்க ஆய்வேடு. அதைப் படித்தவர்கள் மொத்தம் மூன்று பேர், மூவரும் தேர்வாளர்கள். "நான் எழுதினத யாராச்சும் ஒருத்தர் படிக்கணும் ஜெபா" என்று ஏங்குவாள். நானோ ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து, "படிக்கிறேன், படிக்கிறேன்" என்று ஆறு வருடமாக டபாய்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு கல்லூரியின் தண்ணீர்ப் பரிசோதனைக் குழு அவளை வேலைக்கு எடுத்தது. வேதியியல்காரர்கள் சொல்வதை ஊருக்குப் புரியும்படி எழுதித் தர வேண்டும். வல்லக்கோட்டைப் பக்கம், வெளியூர்க்காரர்கள் வாடகைக்கு இருக்கும் தெருவின் போர்வெல் தண்ணீரில் நைட்ரேட் அதிகம் என்று முடிவு வந்தது. ரூத் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, "இந்நீர் பருகுவதற்கு உகந்ததன்று" என்று ஒரு பலகையில் எழுதினாள்.

"இன்னா ரூத், குழாய்க்குச் செய்யுளா எழுதினுகீற?" என்றேன். முறைத்துவிட்டு, பலகையைப் பெருமையாகக் கொண்டுபோய் மாட்டினாள்.

ஒரு வாரம் கழித்து இருவரும் அங்கே போனோம். குழாயடியில் கைக்குழந்தையோடு சந்தனமாரி நின்றிருந்தாள். கோவில்பட்டிப் பெண்.

"போர்டு படிச்சியாம்மா?" ரூத் ஆசையாகக் கேட்டாள்.

"படிச்சேன்க்கா. அதான் இப்பல்லாம் கால் மணி நேரம் கொதிக்க வச்சுதான் பிள்ளைக்குப் பால்பவுடர் கலக்கேன்."

ரூத்தின் முகம் வெளுத்துவிட்டது. கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். கைக்குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து.

"ஐயோ, தப்பு என்னோடதும்மா. கொதிக்க வச்சாலும் இது ஆகாது, குடுக்காத."

"அப்ப எந்தத் தண்ணியக் குடுக்க? அத எழுதலியேக்கா?"

குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார். அதுவரை ரூத் ஜெபம் பண்ணுவதை நிறுத்தவே இல்லை.

மறுநாளே குழுவிடம் விசாரித்து, பலகையை அழித்து எழுதினாள்: "இந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சினாலும் கெடுதல் போகாது. கோயில் பக்கத்துத் தொட்டியில் சோதித்த நல்ல தண்ணீர் வருகிறது."

சந்தனமாரி எழுத்துக்கூட்டி, குடத்தோடு நின்ற பெண்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அவர்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் திரும்பினார்கள்.

ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆறு வருடம் கூடவே இருந்தும் அந்தச் சிரிப்பை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.