கிள்ளானில், ஓர் ஓவியத்தின் முன்

மழைக்கு ஒதுங்கி, மலேசியாவின் கிள்ளான் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள பழைய கடைவீட்டின் மாடிக்கு ஏறுகிறேன். அங்கே ஓவியக் கண்காட்சி நடக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைப் பற்றிய படங்கள் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

ஒரு படத்தில் கட்டிலில் கிடக்கும் பெண் வெறுமனே கூரையைப் பார்க்கிறாள். அவள்மேல் ஓர் ஆணின் நிழல் விழுந்திருக்கிறது. அதன் முன்னால் நடுவயதுத் தம்பதியர் நிற்கிறார்கள். கணவர் என்னிடம் திரும்புகிறார்.

"நீங்களே பாருங்க பாஸ். மொகத்துல பயமே இல்ல. கத்தல, கையக்கூட தூக்கல. சரியா வரையத் தெரியல லா."

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. தலையாட்டுகிறேன்.

"சரியாத்தான் வரைஞ்சிருக்காங்க," என்கிறார் மனைவி, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கத்தணும்னுதான் இருக்கும். சத்தம் வராது. கை நம்ம கை மாதிரியே இருக்காது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?" கணவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார்.

அந்த அம்மா இப்போதுதான் படத்திலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்க்கிறார். கணவரின் சிரிப்பு மெல்ல நின்றுபோகிறது.

"மாலா," என்கிறார். மனைவியின் தோளைத் தொடப் போன கையை, தொடாமலே இறக்கிக்கொள்கிறார்.