அப்பா பெயர் வெட்டுப்பட்ட பட்டியல்

கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று ஒரு இடத்தில் பெயர் எடுத்துவிட்டால் அதோடு நம் கதை முடிந்தது. பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த மருத்துவப் பரிசோதனை நிலையத்தில் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஏர்கோன் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காஜாங்கிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து கைப்பையை வைப்பதற்குள் யாராவது என் பெயரைக் கத்துவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அங்கிருந்த ஏடுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் நான்தான். நானே போய் மாட்டிக்கொண்டது.

ரத்தம், சிறுநீர், மார்பில் கட்டி என்றால் அதிலிருந்து எடுத்த சதை, எல்லாம் சோதனைக்கு வரும். முடிவை டைப் அடித்ததும் திரையில் ஒரு பெயர்ப் பட்டியல் விரியும். அதில் ஆளைத் தேடி அமுக்கினால் அவர் விலாசத்துக்குக் கடிதம் அச்சாகும். பெயர்களை நான் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் வைத்திருந்தேன். பாஸ் வந்து பார்த்தார்.

"எல்லாத்தையும் கெப்பிட்டல் லெட்டர்ல போடு லா. அப்பதான் பார்க்க ஓபிஸ் மாதிரி இருக்கும்."

போட்டேன். பெரிய எழுத்து இடத்தை அடைத்துக்கொள்ளும். சீனப் பெயர்கள் பட்டியல் கட்டத்துக்குள் சுகமாக உட்கார்ந்துகொண்டன. நம்ம ஆட்கள் பெயர் நீளம் தெரியாதா? முதலில் சொந்தப் பெயர், அப்புறம் மகள் என்பதற்கு இந்த நாட்டில் போடும் ஏ/பி, அதற்கும் பிறகுதான் அப்பா பெயர். கட்டத்துக்குள் அப்பா இரண்டு மூன்று எழுத்தோடு வெட்டுப்பட்டு நின்றார்.

கவுண்டரில் இருந்த அக்காதான் முதலில் சொன்னார். "ஏய், ஒரே பேர்ல ஏழு பேர் வரிசையா நிக்கிறாளுங்க. எவ எவன்னு நான் எப்படி கண்டுபிடிக்கிறது?"

முயற்சி செய்தேன். பெயரோடு ஐ.சி. என்கிற அடையாள அட்டை நம்பரை ஒட்டிப் பார்த்தேன். அது எண், இது எழுத்து, இரண்டும் ஒட்டாது என்று எல்லா வரியிலும் 'பிழை' என்றே காட்டியது. எண்ணை எழுத்தாக மாற்றி ஒட்டினேன். பெயருக்குப் பின்னால் வைத்ததால் அதுவும் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. முன்னால் வைத்தேன். பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால் அந்த இடத்துக்குப் போகும் வசதி கெட்டுப்போனது. அக்கா வேறு, "முன்னாடி இருந்ததே தேவலாம்மா" என்று சலித்துக்கொண்டார். பாஸிடம் பழையபடி சின்ன எழுத்தே போடவா என்று கேட்டேன். "இப்பதான் அழகா இருக்கு" என்றார். சரி, பெயரைத் திறந்து விலாசத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அலுப்பாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. இருந்தது என்று சொன்னால் பொய்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஃபேக்டரி யூனிஃபோர்மோடு வந்திருந்தாள், கையில் எங்கள் கடிதம். கட்டியில் புற்று இருக்கிறது, உடனே டாக்டரைப் பார்க்கவும் என்று அதில் இருந்தது. எங்கள் டாக்டர் அவளுடைய பதிவைத் திறந்து, சதை வந்த பாட்டிலில் ஒட்டியிருந்த எண்ணோடு ஒப்பிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

முடிவு அவளுடையதே இல்லை. பட்டியலில் அவளுக்கு அடுத்த வரியில் நின்ற, அதே அம்மன் பெயர் வைத்த, அப்பா பெயரும் அதே மாதிரி ஆரம்பிக்கிற இன்னொருத்தியுடையது. இவளுக்கு ஒன்றுமே இல்லை.

சொன்னதும் மேசையை ஓங்கித் தட்டினாள். "நாலு நாளா செத்துக்கிட்டு இருக்கேன்! பிள்ளைங்களை எங்க அக்கா வீட்டுல விடறதுக்குப் பேசிட்டேன் தெரியுமா? மனுஷங்களா நீங்க?" அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளே கேட்டாள். "அப்ப அந்தம்மாவுக்கு என்ன சொல்லி அனுப்பினீங்க?"

ஒன்றுமில்லை, நலமாக இருக்கிறீர்கள் என்று இவளுடைய முடிவை அங்கே அனுப்பியிருந்தோம்.

கிள்ளானில் இருந்த அந்த அம்மாவுக்கு டெலிபோன் இல்லை. பாஸ் இன்னொரு கடிதம் போடச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில், "கடிதம் போட்டுக் கிழிச்சது போதும் பாஸ், நானே போறேன்" என்றேன். போவதற்கு முன்னால் உட்கார்ந்து எழுத்தையெல்லாம் சின்னதாக்கி, கட்டத்தை அகலமாக்கினேன். அப்பாக்கள் முழுசாகத் தெரிந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. பத்து நிமிட வேலை. ரயிலில் கிள்ளான் போய்ச் சேரும்வரை அந்தப் பத்து நிமிடம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்து, இரண்டு பேரிடம் வழி கேட்டு, கம்பம் என்று இங்கே சொல்லும் கிராமத்தில் ஒரு பலகை வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், எங்கள் பரிசோதனை நிலையத்தின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து உள்ளே கூப்பிட்டாள். "வாம்மா, வா. உங்க லெட்டரை சாமிகிட்ட வச்சிருக்கேன் பாரு."

பார்த்தேன். சாமி படத்துக்கு முன்னால் எங்கள் கடிதம். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். பக்கத்தில் ஒரு தட்டில் பழம்.

நோய் பற்றி நீ பேசாதே, நாளைக்கு அழைத்து வா, நான் சொல்லிக்கொள்கிறேன் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மஞ்சளைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. முடிவு மாறிப்போச்சு ஆன்டி, இது வேற ஒருத்தருக்கு வந்தது, தப்பு எங்களோடது, என்னோடது என்று உளறினேன். ஒரு வாரம் வீணாகிவிட்டது, நாளைக்கே வாங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன் என்றேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். காலையில் ஒருத்தி திட்டினாளே, அது எவ்வளவோ தேவலை.

அவள் எழுந்து போய்க் கடிதத்தை எடுத்தாள். முந்தானையால் குங்குமத்தை மெதுவாகத் தட்டிவிட்டாள்.

"அப்ப இது அந்தப் பொண்ணோட லெட்டர்தானே? பாவம், எவ்வளவு பயந்திருப்பா. அவகிட்ட குடுத்துடும்மா."

நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.