தட்டு விழாமல் இருக்க இரண்டு டியூப் சிலிகான்

மூன்று தட்டுகளைச் சுவரில் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

உங்களுக்கு அரைமணி நேரம் ஆகலாம். எனக்கு நாலு நாள் ஆனது. ஐந்தாவது நாள் — அதாவது போன ஞாயிற்றுக்கிழமை — அதைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. கழற்றியது ஏன் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். கொஞ்சம் வெட்கம்தான்... இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

விருத்தாசலம் பீங்கான் ஊர். ஃபியூஸ் கட்டையிலிருந்து பொம்மை வரைக்கும் இங்கே சுட்டு இறக்குகிறார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, களிமண்ணை விரலால்கூடத் தொடாமல் ஐம்பத்திரண்டு வயதை எட்டியவன் நான். பெருமையாகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா அப்படியில்லை. மகள் கல்யாணமாகிப் போனதும், "வூட்ல ஒக்காந்து உங்க மூஞ்சியையே எவ்வளவு நாளைக்குப் பாக்கறது?" என்று மூன்று மாசப் பயிற்சி வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அச்சில் மண்ணை அமுக்கி, ஓரத்தைச் சீவி, காயவைத்து, படம் தீட்டி, பளபளப்புக்குக் கிளேஸ் பூசி, சூளையில் சுட்டு... கடைசியில் மூன்று தட்டுகளோடு வீட்டுக்கு வந்தாள்.

ஒன்றில் கோழியும் குஞ்சுகளும். ஒன்றில் சூரியகாந்தி. நடுவில் மாட்ட வேண்டிய பெரிய தட்டில் முந்திரிப் பழம் — கொத்தாக, அடியில் கொட்டையோடு. நான் ரசனையோடு பார்த்து, "குடமொளகா நல்லா வந்திருக்குதே" என்றேன். அன்றைக்கு மத்தியானம் எனக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

இதெல்லாம் அழகுக்காகச் செய்த தட்டுகள் என்றால் எனக்கு இவ்வளவு நடுக்கம் வந்திருக்காது. ஸ்டெல்லாவின் அண்ணன் அருள்தாஸ் — என் மச்சான் — ஒரு செராமிக் கம்பெனியில் சூளை சூப்பர்வைசர். அங்கே பெயிண்டிங் பிரிவில் ஒரு இடம் காலியாகிறது. ஸ்டெல்லாவுக்கு அந்த வேலை வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் முதல் வேலை. மச்சான் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வரேன். நீ பண்ணதக் காட்டு. தேறுச்சுன்னா மொதலாளிகிட்ட பேசறேன். தங்கச்சின்னுலாம் பாக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

போனை வைத்ததும் ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, அண்ணன் வரும்போது மூணும் ஹால் செவுத்துல இருக்கணும். கெட்டியா மாட்டுங்க. ஒண்ணு போச்சுன்னா வேற இல்ல."

'வேற இல்ல' — இந்த இரண்டு சொல் போதாதா எனக்கு? கண்ணை மூடினால் முந்திரிப் பழம் தரையில் சில்லுசில்லாகக் கிடக்கிறது. தட்டு மாட்டும் இடத்துக்கு நேர் கீழே சோபா. சோபாவில் யார் உட்கார்ந்திருப்பார்? பங்குச் சாமியார் வந்தால் அங்கேதான் உட்காருவார். வீட்டுக்காரர் வாடகைக்கு வந்தால் அங்கேதான் உட்காருவார். வீட்டுக்காரர் என்றபோது மட்டும் மனசு கொஞ்சம் லேசானது... மறைப்பானேன்.

பக்கத்து வீட்டில் டிரில் மிஷினை இரவல் வாங்கினேன். சுவருக்குள் செங்கல் இருக்கும் என்பது என் நம்பிக்கை. இருந்தது மணல். பொலபொலவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. சுண்டுவிரல் நுழைய வேண்டிய ஓட்டையில் கட்டைவிரல் நுழைந்தது. அதன்மேல் காலண்டரை மாட்டினேன். அரையடி தள்ளி இன்னொன்று போட்டேன். அதற்கும் ஒரு காலண்டர் தேவைப்பட்டது. வீட்டில் இருப்பதே இரண்டு காலண்டர்தான் என்பதால் டிரில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் ஹார்டுவேர் கடை.

"தட்டு மாட்ட என்ன இருக்குது?"

"ஸ்பிரிங் கொக்கி இருக்குது சார். தட்டை நாலு பக்கமும் கவ்வி புடிச்சுக்கும்."

"ஸ்பிரிங் வுட்டுடுச்சுன்னா?"

"வுடாது சார்."

"வுட்டுடுச்சுன்னா?"

கடைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "தட்டு என்னா வெயிட்டு?"

"ஒரு கிலோ இருக்கும்."

"ஒரு கிலோவுக்கா? ஃபேன் மாட்டறவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க சார்."

அண்ணாந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது — கடைச் சுவரில் ஒரு வாஷ்பேசின். அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. சிலிகான். துப்பாக்கி மாதிரி ஒன்றில் டியூபைப் போட்டு அமுக்கினால் பற்பசை மாதிரி வருமே, அது. பேசினும் பீங்கான். தட்டும் பீங்கான். பத்து கிலோ பேசினோடு ஒட்டி நிற்பது ஒரு கிலோ தட்டோடு நிற்காதா? இந்த ஊரில் பிறந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. அன்றைக்கு அதை அறிவு என்று நினைத்தேன்.

ஒரு டியூப் போதும் என்றார் கடைக்காரர். இரண்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா மார்க்கெட் போன நேரத்தில் தட்டுகளின் முதுகு முழுக்க அமுக்கித் தள்ளி, சுவரில் பதித்து, டேப் போட்டு இழுத்துக் கட்டி, அடியில் சோபாவில் இரண்டு தலையணை, அதன்மேல் ஒரு மெத்தை. ஸ்டெல்லா வந்து பார்த்து, "எதுக்கு இவ்ளோ டேப்பு?" என்றாள். "செட்டாகணும்" என்றேன். என்ன செட்டாகணும் என்று அவள் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை. சனிக்கிழமை டேப்பைப் பிரித்தேன். விழவில்லை. ஆட்டிப் பார்த்தேன். சுவர்தான் ஆடும் போலிருந்தது, தட்டு ஆடவில்லை.

"கயிறே தெரியலயே, எப்படி மாட்னீங்க?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"அதெல்லாம் ஒரு டெக்னிக்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மச்சான் வந்தார். வெள்ளைச் சட்டை, கோயில் முகம். உட்காரவில்லை. நேரே சுவருக்குப் போனார்.

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் தட்டைக் கண்ணால் பார்க்க மாட்டார்கள். காதால் பார்ப்பார்கள். கடையில் கப் வாங்கினாலும் சரி, சூளையிலிருந்து ஜாடியை இறக்கினாலும் சரி — மடக்கிய விரல் முட்டியால் ஒரு தட்டு. 'ணங்' என்றால் நல்ல சரக்கு. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயோ விரிசல். அதற்கு அப்பீலே கிடையாது. டொக் என்ற சரக்கை விற்க முடியாது, அதில் சாப்பிடவும் முடியாது. அதனால் தொழிலாளிகள் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சுவரில் மாட்டிவிடுவார்கள்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். சிறுவயதிலிருந்தே தெரியும். வெள்ளிக்கிழமை மட்டும்தான் தெரியவில்லை.

மச்சான் முதலில் முந்திரித் தட்டைச் சுவரிலிருந்து எடுக்கப் பார்த்தார். அசையவில்லை. "என்னா மாப்ள, வெல்டு வெச்சிட்டீங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு விரலை மடக்கித் தட்டினார்.

டொக்.

அவர் சிரிப்பு நின்றது. கோழியைத் தட்டினார். டொக். சூரியகாந்தி... டொக்.

"ஸ்டெல்லா, வெடிச்சிருக்குது."

"இல்லண்ணே."

"மூணுமே வெடிச்சிருக்குதும்மா. வெடிச்சதக் கொண்டாந்து செவுத்துல மாட்டி, யார்கிட்ட காட்டற? சூளக்காரன்கிட்டயா?"

"எறக்கும்போது நானே தட்டிப் பாத்தேண்ணே. நல்லா பேசுச்சு."

"இப்ப பேசலியே."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "டீ போடறேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டேன். பயந்த மனிதனுக்கு ஆண்டவன் கொடுத்த புகலிடம் சமையலறை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் காதை மட்டும் ஹாலில் விட்டுவைத்தேன். மச்சான் தட்டை மறந்துவிடுவார், பேச்சு வேறு எங்காவது போய்விடும், மழை, தேர்தல் என்று ஏதாவது... போகவில்லை.

ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. மெதுவாக. "ஓரத்தச் சீவும்போது மெல்லிசாக்கிட்டேனோ என்னவோண்ணே... டீச்சரு சரின்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் கை வரல போல. வேலைக்கு வேற யாரையாவது பாருங்க."

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இருபத்தாறு வருஷமாக எந்தத் தப்புக்கும் என்னைக் கை காட்டிய பெண். நியாயமாகத்தான் காட்டுவாள். முதல் தடவையாக என் தப்புக்குத் தன்னைக் கை காட்டுகிறாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

"மச்சான், தட்டு வெடிக்கல. ஒட்டிட்டேன்."

"எத?"

"தட்டைத்தான். செவுத்தோட. சிலிகான் வெச்சு."

"சிலிகானா? எவ்வளவு?"

"ரெண்டு டியூப்பு."

மச்சான் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு டியூப்பு முதுகுல அப்பிக்கிட்டா மாதா கோயில் மணிகூடதான் மாப்ள டொக்குன்னும்."

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். கத்தியிருந்தால் பரவாயில்லை. "பின்னாடி ரெண்டு ஓட்டை வெச்சிருந்தேனே... அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

பார்த்தேன். சூளையில் ஏதோ குறை ஆகி ஓட்டை விழுந்துவிட்டது, மச்சான் கண்ணில் பட்டால் மானம் போகும் என்று முதல் வேலையாக அதைத்தான் அடைத்தேன். இதை எப்படிச் சொல்வது? சொன்னேன்.

மச்சான் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தங்கை பக்கம் திரும்பினார்.

"தட்டு ஒக்கார்ற அடி வளையத்துலயா ஓட்டை வெச்ச?"

"ஆமாண்ணே. கயிறு கோக்க. மண்ணு ஈரத்துலயே போட்டுட்டேன். சுட்டப்பறம் போட்டா வெடிக்கும்ல."

"யாரு சொன்னது அப்படிப் போடச் சொல்லி?"

"யாரும் சொல்லல. எப்படியும் செவுத்துக்குத்தானே போவப்போவுது... நானே யோசிச்சேன்."

"ம்" என்றார் மச்சான். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை எடுத்து வந்தார். நூல் மாதிரி மெல்லிய கம்பி, இரண்டு முனையிலும் கட்டைப் பிடி. களிமண் பாளத்தை அறுக்கிற கம்பி. ஒரு முனை அண்ணன், ஒரு முனை தங்கை. தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கம்பியை விட்டு, மரம் அறுப்பது போல இழுத்தார்கள். நான் அடியில் தலையணையை ஏந்திக்கொண்டு மண்டியிட்டேன். பூசையில்கூட நான் அவ்வளவு பக்தியாக மண்டியிட்டதில்லை.

"புடிச்சுக்கிட்டீங்களா?"

"புடிச்சிருக்கேன்."

"கண்ணத் தொறந்து புடிங்க."

முந்திரித் தட்டு பெயிண்டைப் பெயர்த்துக்கொண்டு தலையணையில் வந்து உட்கார்ந்தது. மச்சான் முதுகிலிருந்த சிலிகானைப் பிளேடால் சீவி எடுத்தார். வளையத்துக்குள் மூன்று விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டாற்போலப் பிடித்தார். ஸ்டெல்லா காதைச் சாய்த்தாள். நானும்தான்.

தட்டினார்.

ணங்ங்ங்...

சத்தம் ஹாலை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அடங்கியது. ஸ்டெல்லா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாந்து தூசி" என்றாள். தூசியெல்லாம் அப்போதே அடங்கியிருந்தது.

கோழியும் பேசியது. சூரியகாந்தியும் பேசியது. மச்சான் ஒவ்வொன்றையும் திருப்பி ஓட்டைகளைப் பார்த்தார், ஓரத்தை விரலால் தடவினார். கடைசியாகத்தான் படத்தைப் பார்த்தார். பாராட்டினாரா? சூளைக்காரர்கள் பாராட்ட மாட்டார்கள்.

"நாளைக்கு எட்டரைக்கு வந்துடு. மொதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன். சோறு கட்டி எடுத்தாந்துடு, அங்க கேண்டீன் சுமார்தான்."

பிறகு அவரே தட்டுகளை மாட்டினார். நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள், யாராவது கேட்டால் சொல்லலாம். முதலில் சுவரை விரல் முட்டியால் தட்டி, உள்ளே பொள்ளலாக இல்லாத இடம் பார்த்தார். பக்கத்து வீட்டு டிரில்லை மறுபடி வாங்கி, சிமெண்டுப் பூச்சைத் தாண்டிச் செங்கல் வரைக்கும் ஓட்டை. அதில் பிளாஸ்டிக் பிளக், அதற்குள் ஸ்குரூ, தலை கொஞ்சம் மேலே பார்த்த மாதிரி. அதில் முதலில் தட்டை மாட்டவில்லை — இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, சாப்பிடப் போய்விட்டார். சாப்பிட்டு வந்து, பாட்டில் அங்கேயே இருப்பதைப் பார்த்த பிறகுதான் தட்டு. இரண்டு ஓட்டையிலும் நைலான் கயிறு கோத்து, இரட்டை முடிச்சு. தீர்ந்தது.

மாட்டிய தட்டை நான் ஒரு தட்டுத் தட்டினேன். ணங்.

ஒரு பொருளை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் நாம் பிடிக்கிற பிடி இருக்கிறதே... அதில் பொருள் பத்திரமாகத்தான் இருக்கிறது. சத்தம்தான் வருவதில்லை. நிறைய வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே இருந்தது இப்போதுதான் தெரிகிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா வேலை முடிந்து வந்தாள். கன்னத்தில் நீலச் சாயம் ஒரு கோடு.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. நாள் பூரா பக்கத்துல நின்னு யோசனை சொல்ல ஒரு ஆளும் இல்ல."

யாரைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவேயில்லை... உங்களுக்குப் புரிந்ததா?