லாகரிதப் புத்தகத்தின் பின்னட்டை

பத்து வயதில் நான் ஒரு பல்கலைக்கழக விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்லியிருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் வேறெந்தப் பையனுக்கும் வாய்க்காத பெருமை அது. விசாரணை எதைப் பற்றியது, அதன் முடிவில் யாருக்கு என்ன நேரக்கூடும் என்பதையெல்லாம் எனக்கு விளக்கித்தான் அழைத்துப் போனார்கள். விளக்கியதில் பாதி புரிந்தது. அந்தப் பாதியே ஒரு வாரம் என் கால்களைத் தரையில் பாவவிடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்பாக்கத்தில் குடியிருந்தோம். அப்பா அணுமின் நிலையத்தில் அளவுமானிகளைப் பார்த்துப் பதிவுசெய்யும் பணியில் இருந்தார். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் இறுதியாண்டு. அந்த ஏப்ரலில் அவள் தேர்வெழுதிக்கொண்டிருந்த அறைக்குள் பறக்கும் படையினர் நுழைந்து, அவளுடைய லாகரிதப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கணக்குக்கு உதவும் எண் அட்டவணைகள் மட்டுமே அடங்கிய அந்த மெல்லிய புத்தகத்தை மாணவர்கள் கையோடு கொண்டுவர அனுமதி உண்டு. அதில் வேறெதுவும் எழுதியிருக்கக் கூடாது. அக்காவின் புத்தகத்தில், பின்னட்டையின் உட்புறம், பென்சிலால் மூன்று சூத்திரங்கள் இருந்தன.

விடைத்தாளை வாங்கிக்கொண்டு, விளக்கம் எழுதித் தரும்படி வேறொரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். 'இது எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு வந்தாள். அன்று மாலையே அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். எழுதியவள் அவள்தான்.

மே மாதக் கடைசியில் பதிவுத் தபால் வந்தது. முறைகேடு உறுதியானால் அந்தப் பருவத்தில் எழுதிய அத்தனை தாள்களும் ரத்தாகும். அடுத்த இரண்டு முறை தேர்வெழுதவும் தடை. முதுகலைக்கு அவள் சென்னையில் விண்ணப்பித்திருந்த இடமும் அத்தோடு போய்விடும். அம்மா அந்தத் தபாலை அப்பாவின் கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். பிறகு தன் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள்.

மாமா மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். உலகில் தீராத சிக்கல் என்று ஒன்று உண்டென அவர் கடைசிவரை ஒப்புக்கொண்டதில்லை. தபாலைப் படித்துவிட்டு அக்காவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"டேய் மாப்ள, உங்கப்பன் கையெழுத்த டைரில போட்டு வாத்தியார்கிட்ட ஒத வாங்கினியே, அந்த வித்த இன்னும் கைல கீதா?"

இருந்தது. எவருடைய எழுத்தையும் நாலு வரி பார்த்தால் போதும், அப்படியே எழுதிவிடுவேன். அதுவரை அதற்காக எனக்குக் கிடைத்தவை அடிகள் மட்டுமே.

"பையன் அக்கா நோட்ட பாத்து பாத்து எழுதுவான். அதே மாதிரி இந்தப் பொஸ்தகத்துலயும் கிறுக்கி வெச்சிட்டான். இவ பாக்காம எடுத்துகினு போயிட்டா. அவ்ளோதான் கேஸு."

"எழுத்து இவளோடதாட்டமே இருக்கேன்னு கேட்டா?" என்றாள் அம்மா.

"கேக்கட்டுமே! அவங்க எதுருலயே எழுதிக் காட்டுவான். பேஜாரே இல்ல."

"கொழந்தைய இதுல இழுக்கணுமாடா?"

"இழுக்கலக்கா. ஏத்தி உடறோம்."

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்பாவின் காதுக்கு எட்டாதிருக்க, ஒத்திகைகள் சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் நடந்தன. கரையேற்றிய கட்டுமரத்தின் மேல் மாமா தலைப்பாகை கட்டி அமர்ந்து, ஒரே ஆளாக முழு விசாரணைக் குழுவாகவும் ஆனார். "தம்பி, எப்போ எழுதின?" "அக்கா குளிக்கப் போனப்ப சார்." "ஏன் எழுதின?" "அக்கா எழுத்து அழகா இருக்கும் சார்." பதில்கள் முதல் நாளிலேயே மனப்பாடமாகிவிட்டன. சூத்திரங்களுக்கு நான்கு நாட்கள் பிடித்தன. சூலம்போல் ஓர் எழுத்து, ஒற்றைக் காலை முன்னே வைத்து நடப்பதுபோல் இன்னொன்று, வர்க்கமூலக் குறியின் இறுதியில் அக்கா மட்டுமே இடும் ஒரு சிறு கொக்கி. என் எழுத்தை அவளே திருத்தினாள். "கொக்கி கீழ எறங்கணும். நான் அவசரத்துல எழுதினேன், அதனால அழுத்தம் கம்மியா இருக்கும்." நான் அழுத்தத்தைக் குறைத்தேன். ஐந்தாம் நாள், நான் எழுதியதையும் அவள் எழுதியதையும் அருகருகே வைத்துவிட்டு மாமா எது யாருடையதென்று தெரியாமல் விழித்தபோது, அலைகள் வரை ஓடிப்போய்த் திரும்பி ஓடிவந்தேன். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்திலும் பேச்சுப் போட்டியிலும் எப்போதும் கடைசியாக வந்தவன், கடைசியில் எனக்கென்றே நடத்தப்படும் ஒரு போட்டியைக் கண்டுபிடித்திருந்தேன்.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் வழக்குகளைச் செங்கல்பட்டிலேயே ஒரு கல்லூரிக் கட்டடத்தில் விசாரித்தார்கள். எனக்கு இஸ்திரி போட்ட சட்டை. தாழ்வாரத்து பெஞ்சில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். பெற்றோருடன் சிலர், தனியாகச் சிலர். எங்கள் பக்கத்தில் பனியனுக்கு மேல் துண்டு போர்த்தியிருந்த ஒருவன், என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா தம்பி, எல்கேஜி பரீச்சைல பிட் அட்ச்சியா?"

"இல்ல, நான் சாட்சி" என்றேன்.

"சாட்சியா? சர்தான். நம்ம சாட்சி உள்ள கவர்ல சீல் வெச்சி கீது. சட்டக் கைல எழுதிகினு போனேன், சட்டையவே உருவிட்டானுங்க."

"அதுக்கு இன்னிக்கு வேற சட்ட போட்டுகினு வரலாமேப்பா" என்றார் மாமா.

"போட்டா நான் திருந்திட்டேன்னு நெனச்சிப்பாங்கண்ணாத்த."

பெஞ்சு முழுவதும் சிரித்தது. அழுதுகொண்டிருந்த ஒரு தாய்கூடச் சிரித்தாள். அக்கா மட்டும் கைக்குட்டையை நான்காக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். எனக்கோ எப்போது பெயரைக் கூப்பிடுவார்கள் என்றிருந்தது.

உள்ளே மூவர். நடுவில் நரைத்த தலையுடன் ஒரு பேராசிரியை, அவர்தான் தலைவர். வலப்புறம் ஒரு பேராசிரியர், இடப்புறம் கோப்புகளுடன் ஓர் அலுவலர். மாமாவை வெளியே நிறுத்திவிட்டு அக்காவையும் என்னையும் மட்டும் அனுமதித்தார்கள். அலுவலர் உறையைக் கிழித்து லாகரிதப் புத்தகத்தை எடுத்தார். சூத்திரங்களைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. அக்காவின் விளக்கக் கடிதத்தையும், தம்பி கிறுக்கியது என்று மாமா எழுதவைத்து அனுப்பியிருந்த பதிலையும் அவர் உரக்கப் படித்து முடித்ததும், தலைவர் என்னைப் பார்த்தார்.

"நீயா எழுதின?"

"ஆமா மேடம்."

"எப்போ?"

"அக்கா குளிக்கப் போனப்ப மேடம்."

"இப்ப எழுதிக் காட்டுவியா?"

அதற்காகத்தானே வந்திருந்தேன். அவர் நீட்டிய தாளில் மூன்று சூத்திரங்களையும் எழுதினேன். சூலம் நிமிர்ந்து நின்றது; நடப்பது நடந்தது; கொக்கி கீழிறங்கியது; அழுத்தம் குறைவாகவே இருந்தது. தலைவர் இரண்டையும் அருகருகே வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பேராசிரியர் எட்டிப் பார்த்து, "அச்சு அசல் மேடம்!" என்றார்.

அந்தப் பாராட்டு என் தலைக்கு ஏறிற்று. கோப்பின் மேல் தாளில் தலைவரின் கையெழுத்து இருந்தது. ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தேன். "உங்க கையெழுத்தும் போடட்டுமா மேடம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போட்டும் காட்டினேன். அலுவலர்கூட வாய்விட்டுச் சிரித்தார். "இவன வெளிய விடாதீங்க, டிகிரி சர்டிபிகேட்டே அடிச்சிடுவான்" என்றார் பேராசிரியர். வழக்கு முடிந்துவிட்டதென்று எனக்கே தெரிந்தது. அலுவலர் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

தலைவர் மட்டும் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்து, மிக மென்மையாகக் கேட்டார்: "பொய் சொல்லலயே தம்பி?"

"சாமி சத்தியமா இல்ல மேடம்."

சத்தியமும் ஒத்திகையில் இல்லாததே. அந்த நொடியில் நானாகக் கண்டுபிடித்துச் சேர்த்தேன். எத்தனை இயல்பாக வந்தது என்று பெருமையுடன் அக்காவின் பக்கம் திரும்பினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியொரு முகத்தை நான் அவளிடம் அதற்கு முன் கண்டதில்லை. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"மேடம், எழுதினது நான்தான். அதப் பாத்து ஒரு கேள்விக்குப் பதிலும் எழுதினேன். இவன் சொன்னதெல்லாம் நாங்க சொல்லிக்கொடுத்தது."

தலைவர் மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "ஹால்லயே ஒத்துக்கிட்டிருந்தா இந்த ஒரு பேப்பரோட போயிருக்கும்மா. இப்ப பொய் விளக்கமும் சேருது" என்றார்.

"தெரியும் மேடம்."

"ஒரு நிமிஷம் பேசாம இருந்திருந்தா..." என்று தொடங்கிய பேராசிரியர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

வெளியே வந்ததும் மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "அடிப்பாவி! ஜெயிச்ச ஆட்டத்த கலச்சிட்டு வந்து நிக்கிறியே!"

ஆணை மூன்று வாரத்தில் வந்தது. அத்தனை தாள்களும் ரத்து. இரண்டு முறை தடை. அப்பா தீபாவளி வரை அவளுடன் பேசவில்லை. முதுகலை இடம் போயிற்று. பிறகு அவள் அதற்கு விண்ணப்பிக்கவும் இல்லை. தாமதமாகப் பட்டம் பெற்று, படாளத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தாள். அந்தத் தலைவர் அமர்ந்திருந்ததைப் போன்ற மேசைகளுக்குப் பின்னால் பின்னாளில் நானும் பலமுறை அமர்ந்திருக்கிறேன். விதிகள் பெரிதாக மாறிவிடவில்லை: கேட்ட முதல் முறையே உண்மை சொல்பவருக்குத் தண்டனை குறைவு. வெல்லப்போகும் தறுவாயில் எழுந்து நின்ற எவரையும் நான் கண்டதில்லை. அக்கா சென்ற மாதம் இறந்துபோனாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத இப்போது இயலவில்லை.

அன்றைய பயணத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லும் பேருந்தில் மாமா முன்னிருக்கையில் முறுக்கிக்கொண்டு அமர்ந்துவிட்டார். நான் ஜன்னலோரம், அக்கா பக்கத்தில். எனக்கு ஆத்திரம் தாளவில்லை. நான் வாங்கிய முதல் பரிசை, வாங்கிய கையோடு அவள் பிடுங்கிவிட்டாள் என்றே தோன்றிற்று. எல்லோரும் என்னைப் புகழ்ந்தது பொறுக்காமல்தான் எழுந்திருக்கிறாள். ஊர் நெருங்கும்வரை அடக்கிப் பார்த்து, முடியாமல் கேட்டேன்.

"நான் நல்லாத்தான எழுதினேன்?"

"ரொம்ப நல்லா எழுதின" என்றாள்.

"சத்தியம் பண்ணது? அதும் நல்லாத்தான இருந்துது?"

"அதுவும் ரொம்ப நல்லா இருந்துது. அதனாலதான்டா."

எதனால் எது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒருவழியாக அவளும் என் திறமையை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு, கோபம் தீர்ந்து, மீதித் தூரம் முழுவதும் காற்றில் விரலால் தலைவரின் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே வந்தேன்.