அண்ணன் அழைத்துப் போன மார்கழிகள்

எங்கள் அண்ணன் மறைந்து இந்த ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். அண்ணனைப் பற்றி உண்மையாக எழுதினால், என்னைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கும். அண்ணியிடம் அதைச் சொன்னேன். "எதுவா இருந்தாலும் எழுதும்மா. அவரு ஒண்ணும் தப்பா நெனச்சிக்க மாட்டாரு" என்றார்.

அண்ணன் முடிச்சூரில் எங்கள் பெற்றோருக்குத் தலைமகனாகப் பிறந்தார். நான் அவருக்கு ஒன்பது வயது இளையவள். அப்பா பயிர் வைத்த நிலம் மனைகளாக மாறிக்கொண்டிருந்த காலத்தில் அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து, மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்தார். உடல்நலம் குன்றும்வரை அதே தொழிற்சாலைதான். அப்பா காலமானபோது நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். என்னைப் பட்டம்வரை படிக்க வைத்தவரும், அஸ்தினாபுரத்தில் மாப்பிள்ளை பார்த்துத் திருமணம் செய்து வைத்தவரும் அண்ணனே. பெருவெள்ளத்தில் முடிச்சூர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்த அன்று, நாசமான சாமான்களைப் பார்த்து நாங்கள் அழுதுகொண்டிருக்க, "ஆளுங்க கீறோம்ல" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தவர் அவர்.

இதெல்லாம் உறவினர்களாகிய நீங்கள் அறிந்ததுதான். என் மகள் கயலுக்கு அவர் செய்தது பலருக்குத் தெரியாது.

கயல் மூன்று வயதாகியும் பேசவில்லை. ஆட்டிசம் என்றார் மருத்துவர். ஹாரன் சத்தம், மேளம், கூட்டம் எதுவும் அவளுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவாள். அதனால் உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு நானோ என் கணவரோ ஒருவர் மட்டுமே வந்தோம். குழந்தை எங்கே என்று கேட்டவர்களிடம், ஜுரம் என்று சொன்னேன். பல வருடங்களாக அதே ஜுரம்.

அவளுக்கு ஏழு வயதான வருடம், மழை ஓய்ந்து அரையாண்டு விடுமுறை விட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை அண்ணன் தன் மகன் பிரவீனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்குக் காலைல கயலை ரெடி பண்ணு. ரயில்ல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

"வேணாம் அண்ணா. கத்துவா. எல்லாரும் பாப்பாங்க."

"பாத்துட்டுப் போவட்டும். வூட்லயே கீறதுக்கா புள்ள பொறந்துது?"

அவர் எல்லாவற்றையும் யோசித்துத்தான் வந்திருந்தார். மார்கழி, தை இந்த இரண்டு மாதங்களில்தான் காலை வெயில் உறைக்காது. ஞாயிறு என்றால் அலுவலகக் கூட்டம் இருக்காது. தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியில் ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும். மறுநாள் பனி விலகாத நேரத்தில், குல்லாவும் ஸ்வெட்டருமாகக் கயலை ஜன்னலருகே உட்கார வைத்தோம். கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். மீனம்பாக்கம் தாண்டியபோது தனக்குத்தானே ஏதோ முனகத் தொடங்கினாள். சந்தோஷமாக இருந்தால் மட்டும் அவளிடம் வரும் சத்தம் அது. கடற்கரை ஸ்டேஷன் வந்ததும், இறங்கலாம் என்று பிரவீன் குதித்தான்.

"இன்னிக்கு இது போதும்டா. ஏறங்கினா கொயந்த மெரண்டுடும்" என்றார் அண்ணன். திரும்பும் டிக்கெட்டை மட்டும் வாங்கி வந்தார். தாம்பரம் வந்தும் கயல் இறங்க மறுத்தாள். அண்ணன் சிரித்துக்கொண்டே மறுபடியும் டிக்கெட் வாங்க ஓடினார். இரண்டு முறை கடற்கரை ஸ்டேஷன்வரை போய்க் கடலைப் பார்க்காமல் திரும்பிய குடும்பம் எங்களுடையது.

அடுத்த குளிர்காலத்தில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனோம். கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டோம். ஒரு மணி நேரம் நன்றாகவே இருந்தாள். அப்போது பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக விசிலடித்துக்கொண்டு எதிரே வந்தார்கள். கயல் காதைப் பொத்திக்கொண்டு நடைபாதையிலேயே விழுந்து அலற ஆரம்பித்தாள். சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள். "புள்ளய எப்படி வளத்து வெச்சிருக்காங்க பாரு" என்று ஒரு அம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது.

நான் அங்கிருந்து நடந்துவிட்டேன். தூரத்தில் இருந்த குடிநீர்க் குழாய்வரை போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளை யாரோ, நான் யாரோ என்பதுபோல் நின்றேன். இந்த மலரில் எழுதத் தயங்கியது இதைத்தான்.

திரும்பிப் பார்த்தபோது அண்ணன் கயலுக்குப் பக்கத்தில் மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைத் தொடவில்லை, தூக்கவுமில்லை. கூடி நின்றவர்களிடம், "ஒண்ணும் இல்லம்மா. பாப்பா கொஞ்சம் பேஜாராயிடுச்சு, சரியாயிடும். நீங்க போய் புலியப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிரவீன் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அரைமணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தார்கள். அழுகை அடங்கி, கயல் தானாக எழுந்து அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நான் அருகில் போனேன்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் நான் வாய் திறந்தேன். "அண்ணா, நான் அங்க வேணும்னுதான்..."

"தண்ணி புடிக்கத்தானே போன?" என்றார்.

என் கையில் இருந்த பாட்டில் காலியாக இருந்தது. அதை அவர் பார்த்தார். கடைக்குப் போய்த் தண்ணீர் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். "கொயந்தைக்கு நீயே குடு" என்றார். என் கணவரிடமோ அண்ணியிடமோ கடைசிவரை அவர் இதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் விலகிப் போனதில்லை. கிண்டி சிறுவர் பூங்காவில் அவள் அலறியபோது நானே அருகில் உட்கார்ந்தேன். நான்காவது குளிர்காலத்தில் கோவளத்தில் கடலைக் கண்டாள். ஈர மணலில் உட்கார்ந்து, அலை வந்து காலைத் தொடும்போதெல்லாம் சிரித்தாள். காணும் பொங்கல் அன்று மட்டும் அண்ணன் எங்கும் கூட்டிப் போகமாட்டார். "இன்னிக்கு ஊரே வெளிய கீது. நாம அடுத்த வாரம் போலாம்" என்பார்.

பிறகு அண்ணனின் சிறுநீரகம் பழுதடைந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்தக் குளிர்காலத்திலும் ஒரு ஞாயிறு ஆட்டோ பேசி, பிள்ளைகளைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்க அழைத்துப் போனார். அவரால் நடக்க முடியவில்லை. ஆட்டோவிலேயே இருந்தபடி, "நீ கூட்டினு போ. நான் இங்கேருந்தே பாக்கறேன்" என்றார். ஆறு குளிர்காலங்களில் அதுவே கடைசி. பத்து மாதங்கள் கழித்து அவர் காலமானார்.

சென்ற மார்கழியில் நாங்கள் எங்கும் போகவில்லை. ஞாயிறு காலைகளில் கயல் குல்லாவும் ஷூவும் போட்டுக்கொண்டு கேட்டருகே போய் நின்றாள். மாமா வரமாட்டார் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று ஞாயிறுகள் நின்றாள். நான்காவது ஞாயிறு நிற்கவில்லை. அன்று நான் அழுததுபோல் அண்ணன் இறந்த அன்றுகூட அழவில்லை.

அண்ணனின் சிகிச்சைக் காலத்தில் அன்போடு கவனித்துக்கொண்ட குரோம்பேட்டை மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், தங்கள் விடுமுறையை விட்டுக்கொடுத்து அவரோடு துணைக்கு இருந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், நேரம் பார்க்காமல் வந்த எங்கள் தெரு ஆட்டோ அண்ணனுக்கும், முகம் சுளிக்காமல் அனைத்தையும் தாங்கிய அண்ணிக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இப்போது கல்லூரியில் படிக்கும் பிரவீன், இந்த அரையாண்டு விடுமுறையில் வேடந்தாங்கலுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்திருக்கிறான். முடிச்சூர் வீட்டிலிருந்து விடியற்காலையில் புறப்படுகிறோம். இடம் நிறைய இருக்கிறது. உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள். கயலுக்குப் பதினான்கு வயது ஆகிவிட்டது. உங்களில் பலர் இதுவரை அவளைப் பார்த்ததில்லை. நான்தான் காட்டவில்லை. வந்து பாருங்கள், என் மகள் மிகவும் அழகாக இருக்கிறாள்.