நான்கு தடவைப் பால்

ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று கடிகாரத்தைத் திருத்தியது. தோக்கியோவில் என்ன மணியோ அதுவே இங்கும் மணி என்று உத்தரவு. நான் எழுத்தராக இருந்த சுகாதார அலுவலகத்தில் நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் தள்ளி வைத்தவன் நானே. அடுத்த வருஷம் என் மூத்த மகள் பிறந்தாள். பசிக்க வேண்டிய நேரம் பற்றி அவளுக்குச் சுற்றறிக்கை எதுவும் போகவில்லை. பழைய நேரப்படியும் அழுதாள், புதிய நேரப்படியும் அழுதாள்.

முதல் மாதம் தாய்ப்பாலுக்குக் குறைவில்லை. பிறகு என் மனைவிக்கு மலேரியா கண்டது. காய்ச்சல்காரியின் பால் பிள்ளையின் வயிற்றைக் கெடுக்கும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பிள்ளையைப் பிரித்து வேறு பாயில் போட்டார்கள். காய்ச்சல் இறங்கி அவள் எழுந்து உட்கார்ந்தபோது மார்பு வற்றியிருந்தது. மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பாலாடையில் புகட்டினோம். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம். அழுகைச் சத்தம் நாளுக்கு நாள் குறைந்தது. அழாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று மெச்சுவது நம் வழக்கம். எங்கள் வீட்டில் யாரும் மெச்சவில்லை.

சண்டைக்கு முன்னால் எங்கள் அலுவலகத்தில் ஏழைத் தாய்மாருக்கு டின்பால் கொடுக்கும் திட்டம் இருந்தது. மனு, டாக்டர் சான்று, குழந்தையின் எடை, அதிகாரியின் கையொப்பம் என்று அதற்கு ஒரு முறை. புதிய ஆட்சியிலும் முறை அப்படியே இருந்தது, தலைப்பு மட்டும் மாறியிருந்தது. மனுவைப் பிழையில்லாமல் எழுதினேன். தராசை இராணுவம் எடுத்துப் போய்விட்டதால் எடை குறிக்க இயலவில்லை என்று விளக்கமும் இணைத்தேன். மனு உடனே ஏற்கப்பட்டது. அத்தனை விரைவாக எந்த மனுவும் ஏற்கப்பட்டு நான் பார்த்ததில்லை. டின்பால் கையிருப்பில் இல்லை என்பதைப் பண்டகசாலைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வாய்மொழியாகச் சொன்னார்.

காஜா பெராங்கில் எங்கள் தெருவிலேயே, மலாய் பேசும் செட்டிகள் குடியிருந்த கம்போங் செட்டியைத் தாண்டினால் அக்கா வீடு. அவளுக்கும் அப்போது கைக்குழந்தை. பையன், தவழத் தொடங்கியிருந்தான். அக்காவிடம் பாலுக்குப் பஞ்சமில்லை. வழி கண்முன்னே இருந்தது. சிக்கலும் அதிலேயே இருந்தது.

எங்கள் மார்க்கத்தில், ஒரு பெண்ணிடம் பால் குடித்து வளர்ந்த பிள்ளை அவளுக்கே பிள்ளையாகிவிடும். அவள் பெற்ற பிள்ளைகள் அதற்கு உடன்பிறப்புகள். அவர்களுக்குள் நிக்காஹ் கிடையாது. எங்களைப் பெற்ற அத்தாவோ, எனக்குப் பெண் பிறந்தால் அது அக்கா மகனுக்குத்தான் என்று மச்சானின் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மச்சான் என்பது அக்காவின் கணவர். டவுனில் மளிகைக்கடை, அப்போது வெறும் அலமாரிகள். அக்காவுக்கு அந்த வாக்கின்மேல் அவரைவிட ஆசை. தன் சேலைகளை ஒவ்வொன்றாக அரிசிக்கு மாற்றியவள், ஒரு பட்டுச் சேலையை மட்டும் மருமகளுக்கென்று மடித்து வைத்திருந்தாள்.

மச்சானும் நானும் பள்ளிவாசல் லெப்பையிடம் போனோம்.

"நம்ம மத்ஹபுச் சட்டத்துல அஞ்சு தடவை" என்றார் அவர். "தனித்தனியா, பிள்ளை தானா வாயெடுக்கிற வரைக்கும். அஞ்சு ஆச்சுன்னா பால் உறவு உறுதி."

"நாலு?" என்றேன்.

"நாலுன்னா இல்ல."

"கறந்து பாலாடையில ஊத்தினா?"

"அதுவும் கணக்குத்தான்."

"நடுவுல மூச்சு வாங்கிட்டு மறுபடி குடிச்சா?"

"அது ஒரே தடவை. தம்பி ஆபீஸ்ல வேலை பாக்குறீங்களோ?"

திரும்பும் வழியில் மச்சான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "நாலு இருக்கு மாப்ள. அதுக்குள்ள டின்பாலைத் தேடிரு."

அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் பங்கீட்டில் கிடைத்த காலம். என் மகளுக்குப் பாலும் அப்படியே கிடைத்தது. அவள் மிகவும் துவண்டுபோகும்போது மட்டும் அக்கா வீட்டுக்குத் தூக்கிப் போவேன். மற்ற வேளைகளில் மரவள்ளிக் கஞ்சி. இடையில் பாலுக்காக அலைவேன். குருபோங் பக்கம் ஒருவர் ஆடு வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஆடு ஏற்கெனவே கறியாகியிருந்தது. சீனர் கடைகளில் காலி டின்னை விளக்காக எரித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்தால் தெருவுக்குப் போகத் தோன்றும். தெருவில் நடந்தால் வீட்டில் என்ன ஆனதோ என்று தோன்றும்.

பிள்ளையோடு நான் போவதையும் வருவதையும் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த செட்டிப் பெண்மணி ஒருநாள், "காசி சூசூ லா, அனாக் லாப்பார்" என்றாள். பால் கொடுங்களேன், பிள்ளைக்குப் பசி. அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விஷயத்தை அத்தனை சுருக்கமாக வேறு யாரும் சொல்லவில்லை.

அக்கா வேறொன்றும் செய்தாள். தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியின் மார்பில் வெந்நீர்த் துணி ஒற்றி, பிள்ளையை அங்கேயே போட்டாள்.

"இல்லாததை எதுக்கு மதினி சப்பச் சொல்றீங்க? அவ ஏமாந்து போறா" என்றாள் என் மனைவி.

"ஏமாந்தாலும் இழுக்கட்டும். வாய் பட்டாத்தான் ஊறும்."

"காய்ச்சக்காரி பால் ஆகாதுன்னு சொன்னாங்களே."

"சொன்னவங்க வந்து குடுத்தாங்களா?"

பால் ஊறவில்லை. என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்போதுகூட அக்காவின் ரவிக்கை பாலில் நனைந்திருக்கும். அதை என் மனைவி பார்க்காதபடி முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வாள்.

நான்கும் தீர்ந்தன. மறுநாள் காலையில் பிள்ளை கஞ்சியை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், விழுங்கவில்லை. உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். மச்சான் கடைக்குப் போகாமல் வாசலில் நின்றார்.

"டின்பால்?"

"இல்ல மச்சான்."

"இன்னிக்கு ஒரு பொழுது பாப்போம். கஞ்சிய இன்னும் தண்ணியாக் காச்சிக் குடு." அவர் பிள்ளையைப் பார்க்கவில்லை. "மவுத்தான மனுசருக்குக் குடுத்த வாக்கு மாப்ள. யாருகிட்ட போய்த் திருப்பி வாங்குறது?"

எனக்கு வழக்கம்போல ஒரு வழிமுறை தோன்றியது. "அக்கா, அவளா வாயெடுக்குறதுக்கு முன்னால நாம எடுத்துட்டா அது தடவையில சேராது" என்றேன்.

"பாதியில புடுங்குறதுக்கா என் மடியில போடுறே?" அக்கா கையை நீட்டினாள். "கொண்டா."

முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் பிள்ளைக்குப் பற்ற வலுவில்லை. அக்கா தானே பீச்சி உதட்டில் விட்டாள். பிறகு விழுங்கும் சத்தம் கேட்டது. மச்சான் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். தடுக்க எங்கள் இருவருக்கும் வேண்டிய நேரம் இருந்தது. பிள்ளை தானாக வாயெடுத்துத் தலையைச் சாய்த்தாள்.

"அஞ்சு" என்றாள் அக்கா. "ரெண்டு பேரும் சாட்சி. நாளைக்கு லெப்பைகிட்ட போய்க் கணக்குப் பேசாதீங்க."

தவழ்ந்து வந்த மகனிடம், "உன் தங்கச்சிடா" என்று காட்டினாள். அவன் பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தான். அக்கா உள்ளே போய் அந்தப் பட்டுச் சேலையைக் கொண்டுவந்து மச்சானிடம் நீட்டினாள்.

"கிளேபாங் போங்க. மீன்காரங்ககிட்ட இதக் குடுத்துட்டுப் பால்சுறா வாங்கிட்டு வாங்க. தம்பி பொண்டாட்டிக்குப் பால் ஊறப் புட்டு அவிச்சுக் குடுக்கணும்."

"இது மருமகளுக்கு வச்சதுல்ல?"

"எந்த மருமகளுக்கு?"

மச்சான் சேலையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அதன்பிறகு பங்கீடு இல்லை. அக்கா வேளைக்கு வேளை கொடுத்தாள், இடையில் என் மனைவியும் வெறும் மார்பில் போட்டுக்கொண்டேயிருந்தாள். சுறாப்புட்டோ, பிள்ளையின் வாயோ, காய்ச்சல் முற்றிலும் விட்டதோ, சில நாளில் அவளுக்குப் பால் சுரந்தது. அதிலிருந்து எனக்கு வேறொரு அமைதியின்மை. இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருந்தால் அக்காவின் ஆசை பிழைத்திருக்குமோ என்று கணக்குப் போடுவேன். இன்றும் போடுகிறேன். விடை வருவதில்லை.

என் மகளின் கல்யாணத்தன்று, வேறு வீட்டு மாப்பிள்ளை மேடையில் இருக்கும்போது, மச்சான் அதை வாய்விட்டே சொன்னார்: "நாலு நாள் பொறுத்திருந்தா இன்னிக்கு இவ நம்ம வீட்டுக்கு வந்திருப்பா."

"பொறுத்திருக்க வேண்டியது யாரு, நீங்களா அவளா?" என்றாள் அக்கா.

மச்சான் மணப்பெண்ணின் அண்ணனான தன் மகனைக் கூப்பிட்டு, பந்தியில் தண்ணீர் வைக்கச் சொன்னார்.